வட்டி மட்டும் இல்லாத வீடு

பெண் பார்க்கிறவர்கள் போன மாதமே வந்து போய்விட்டார்கள். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரப்போகிறவர்கள் காணி உறுதி பார்க்கிறவர்கள்.

கிண்ணியாவில் இந்த இரண்டாவது பார்வைதான் பெரிய பார்வை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் வீடு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிக்காஹ்வுக்கு முன் அவள் பெயருக்கு எழுதப்பட வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்காருவார். காணி உறுதியை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை வாசிப்பார். நாலு எல்லையும் சரி என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் வட்டிலப்பத்தில் கை வைப்பார்கள்.

பெண்ணின் உம்மா பரீதாவின் அலுமாரியில் ஓர் உறுதி இருந்தது. அவளுடைய கலியாணத்தின்போது அவள் உம்மா எழுதிக்கொடுத்தது. எல்லைகள் சரி, முத்திரை சரி, எழுத்துக்கூட மங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இன்னோர் உறுதி எழுதப்பட்டிருந்தது. அதன்படி அவள் சமைக்கும் குசினியும், தூங்கும் அறையும், வாசலில் நிற்கும் மாமரமும் காலஞ்சென்ற ஹிஸ்புல்லா ஹாஜியாருக்குச் சொந்தம். வீட்டுக்குள் இதை அறிந்தவர்கள் மூன்று பேர்: பரீதா, கணவர் ஸெய்னுதீன், கலியாணப் பெண்ணான மூத்த மகள் ரிஸ்னா. இளையவள் ஸஹ்ராவுக்குச் சொல்லவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை.

வியாழன் காலை வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கின. பரீதா அவற்றை எண்ணி வாங்கவில்லை. எதையும் எண்ணாமல் வாங்காத பொம்பிளை எண்ணாமல் வாங்கியதைக் கண்டு கதிரைக்காரனே ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.

அவளை ஊரில் தயிர் பரீதா என்றால்தான் தெரியும். தோப்பூர்ப் பக்கத்து எருமைப் பட்டிகளில் பால் எடுத்து, வீட்டுப் பின்கொட்டிலில் உறைய வைத்து, சட்டி சட்டியாகப் பாலம் தாண்டி திருகோணமலைக்கு அனுப்புகிறவள். துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு அவளுடைய தயிர்தான். ஸெய்னுதீனுக்கு முதுகு பிடித்து வயல் வேலை ஏலாமல் போன பிறகு குடும்பம் அந்தச் சட்டிகளில்தான் ஓடியது. சட்டி வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்ப்பாள். சத்தம் கேட்டுத்தான் எடுப்பாள். சட்டி கொண்டுவரும் வியாபாரி அழாக்குறையாகச் சொல்வான்: "ராத்தா, பொண்ணு பார்க்கிறவங்ககூட இவ்வளவு பார்க்கிறல்ல."

அப்படிப்பட்டவள் தட்டிப் பார்க்காமல் வாங்கியது ஒன்றே ஒன்றுதான்.

பிரச்சினை பழையது: இரண்டு பெண்கள், ஒரு வீடு. வீடு மூத்தவளுக்குப் போகும். இளையவளுக்கு இன்னொன்று வேண்டும். கிண்ணியாவில் வீடு கட்ட ஒரு துண்டு வளவின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பரீதாவுக்கு அன்றைக்கு சோறு இறங்காது. அப்படியான ஒரு வாரத்தில்தான், கொரோனா அடங்கிவந்த நேரம், திருகோணமலையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வெளிநாட்டு வீடுகள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். தயிர் இறக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஸெய்னுதீனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டபம் குளிர்ந்தது. நடுவில் ஒரு மேசையில் கட்டடத்தின் சின்ன உருவம், ஒவ்வொரு ஜன்னலிலும் மிளகளவு விளக்கு, முன்னால் கண்ணாடியில் நீலக் கடல். துருக்கிக் கடற்கரையாம். கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் வந்தான். மூதூர்ப் பொடியன், பெயர் அஸ்ஹான். அவன் வாயைத் திறந்ததும் பரீதாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. அவளுடைய ஊர்ப் பேச்சுதான் அவனுடைய பேச்சும்.

"ராத்தா, இந்தப் பக்கம் நிண்டு பாருங்க. பல்கனியில கடல் முழுசாத் தெரியும்."

"எங்கட வீட்டுச் சிலாப்பில ஏறினாலும் கடல் முழுசாத்தான் தெரியுது தம்பி."

"அது பார்க்கிற கடல் ராத்தா. இது வாடகை தாற கடல்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பரீதாவும் சிரித்தாள். ஸெய்னுதீன் சிரிக்கவில்லை.

"வட்டி எவ்வளவு?" என்று கேட்டாள். அவளுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான்.

"வட்டியே இல்ல. தவணை மட்டும்தான். கட்டி முடியிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுங்க. முடிஞ்சா வாடகை மாசாமாசம் வரும். அந்த வாடகையில இளைய மகளுக்கு ஊரில வீடு கட்டுங்க. ஹலாலான வேலை."

வெளியே வந்ததும் ஸெய்னுதீன் சொன்னார்: "ஆள் போய்ப் பாக்காத வளவை வாங்கப் போறியா புள்ள?"

"ஆள் போய்ப் பாத்த வளவுக்கெல்லாம் விலை சொன்னானுகளே, கேட்டீங்கதானே?"

பதில் இல்லாத இடத்தில் ஸெய்னுதீன் பீடி பற்றவைப்பார். பற்றவைத்தார்.

காப்புகள் போயின. பட்டியில் அவள் பங்குக்கு நின்ற எருமைகள் போயின. அவளால் வாசிக்க ஏலாத மொழியில் அச்சடித்த ஒப்பந்தத்தில், விரல் வைத்துக் காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்தாள். ஊருக்குத் திரும்பியதும் சொல்லாத ஆளில்லை. ஒரு வருடம் தயிர் பரீதா 'துருக்கி பரீதா' ஆனாள். கேலிதான், ஆனாலும் காதுக்கு இனிப்பாக இருந்தது.

அடுத்த வருடம் ரூபா விழுந்தது.

தவணை டொலரில். தயிர் விற்பது ரூபாவில். எரிபொருள் வரிசையில் லொறி நின்றது; சட்டிகள் கொட்டிலில் புளித்தன. போன வருடம் கட்டிய அதே தவணைக்கு இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்பட்டது. அதையும் புரட்டிக்கொண்டு வங்கிக்குப் போனால், வெளிநாட்டில் வீடு வாங்கக் காசு அனுப்ப இப்போது அனுமதி இல்லை என்றார்கள். அஸ்ஹானிடம் கேட்டாள். தவணை தவறினால் ஒப்பந்தம் முறியும், இதுவரை கட்டியது கம்பனிக்கு என்று ஒரு பந்தி இருக்கிறது என்றான். "அதிலயும் நீங்க கையெழுத்து வெச்சிருக்கிறீங்க ராத்தா" என்று மெதுவாகச் சொன்னான்.

அப்போதுதான் ஹிஸ்புல்லா ஹாஜியாரிடம் போனாள். திருகோணமலையில் துணிக்கடை, பள்ளிவாசலுக்கு முன்வரிசை ஆள், கொடுத்த வாக்கை மாற்றினார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவர் கடனும் தருவார், அந்தக் காசை உண்டியல் வழியில் வெளிநாட்டுக்கு அனுப்பியும் வைப்பார். உண்டியலுக்கு வங்கி வேண்டாம். இங்கே ஒருவர் காசை வாங்குவார், அங்கே ஒருவர் கொடுப்பார். ரசீதும் வேண்டாம்.

"ஈடு எழுதினா வட்டி எழுதணும் தங்கச்சி" என்றார் ஹாஜியார். "நான் வட்டி தின்னமாட்டன், நீங்களும் குடுக்கமாட்டீங்க. வீட்டை அறுதியா எழுதுவம். கடன் முடிஞ்ச அண்டைக்கே திருப்பி எழுதித் தாறன். அதுவரைக்கும் வாடகை மாதிரி ஏதாச்சும் தாங்க. நீங்க அதே வீட்டிலயே இரிங்க. அல்லாஹ் சாட்சி."

ஈடு என்றால் கடனுக்குப் பிணை. அறுதி என்றால் விற்பனை, முற்றான விற்பனை. உறுதி எழுதிய நொத்தாரிசு இரண்டு முறை கேட்டார்: "அம்மா, இது விக்கிற உறுதி. விளங்குதா?" பரீதாவுக்கு விளங்கியது. வட்டிக்குப் பயந்தவளுக்கு விற்பனை பயமாகத் தெரியவில்லை. விற்றது காகிதத்துக்குத்தானே, வீட்டை அல்லவே. பழைய உறுதியைக்கூட ஹாஜியார் வாங்கிக்கொள்ளவில்லை. "அது ஒங்கட உம்மா தந்தது, நீங்களே வெச்சிருங்க" என்றார். பரீதா கண்கலங்கிப்போனாள். இன்றைக்கும் அவளால் அவரை வைய முடியாமல் இருப்பது அந்த ஒரு சொல்லால்தான்.

மூன்று தவணைகள் உண்டியலில் போயின. பிறகு அஸ்ஹானின் தொலைபேசி பேசவில்லை. பிறகு யாரோ அனுப்பிய காணொளி ஒன்று வந்தது: மூன்றாவது தளத்தோடு நின்றுபோன கட்டடம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள், பின்னால் கடல். அஸ்ஹான் சொன்னது பொய்யில்லை. கடல் முழுசாகத்தான் தெரிந்தது.

அதற்குப் பின் ஒருநாள் ஹாஜியார் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போன இடத்தில் சாய்ந்தார். மையத்து வீட்டில் பெண்கள் பக்கத்தில் பரீதா அழுத அழுகையைப் பார்த்துச் சொந்தக்காரர்களே அதிசயப்பட்டார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், அவள் அழுதது அந்த வாக்குக்கு இருந்த ஒரே சாட்சிக்கு.

வியாழன் பகல், கதிரைகள் இறங்கிய கையோடு, பரீதா பஸ் ஏறினாள். பாலத்தில் ஏறியதும் வலது பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அந்தப் பக்கம்தான் கொட்டியாரக் குடா. கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும். கொஞ்ச நாளாக அவளுக்குக் கடலைப் பார்க்கவே வெறுப்பு.

ஹாஜியாரின் கதிரையில் இப்போது மகன் அர்ஷாக் இருந்தான். கெட்டவன் இல்லை. எழுந்து நின்றான், குளிர்பானம் வரவழைத்தான்.

"மாமி, நீங்க சொல்றதை நான் பொய்யெண்டு சொல்லல்ல. ஆனா வாப்பாட பேரில இருக்கிற சொத்தெல்லாம் அஞ்சு பேருக்குப் பாகம் பிரிக்கணும். மத்தவங்களுக்கு நான் என்னத்தைக் காட்டுறது? திருப்பி எழுதித் தாறதா வாப்பா சொன்னதுக்கு எழுத்து இரிக்கா?"

"அவர்ர வாய்ச்சொல்லு இரிந்தது மகன்."

"வாப்பாவே இல்லையே மாமி."

"நாளைக்கு மட்டும்... உறுதி பாக்க வாறாங்க. ரிஸ்னாட வாழ்க்கை. கொஞ்சம் தவணை தாங்க. நான் கட்டி முடிக்கிறன்."

"எவ்வளவு காலத்தில?"

பரீதா விரல் மடக்கி எண்ணினாள். மனதில் ஓடிய கணக்கு அவளுடைய வயதைத் தாண்டிப் போனது.

"வீட்டை வாங்க ஒரு ஆள் வந்திரிக்கு" என்றான் அர்ஷாக், கண்ணைத் தாழ்த்தி. "அடுத்த கிழமை நில அளவையாளரைக் கூட்டிட்டு வருவன். கோவிக்காதீங்க மாமி."

கடைக்கு வெளியே நின்ற முச்சக்கரவண்டியில் ஏறி, "கோர்ட்டடிக்குப் போ தம்பி" என்றாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைத் திருப்பினான். அதைக் கண்டுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அஸ்ஹானா?"

"ராத்தா, நானும் அதில ரெண்டு வீடு எடுத்தனான். உம்மாட வளவை வித்து. கமிஷனையும் அதுக்குள்ளதான் போட்டன்." கண்ணாடியைத் திரும்பவும் அவள் பக்கம் திருப்பினான். "நான் சொன்னதெல்லாம் நான் நம்பினதுதான்."

வையவேண்டும் என்று மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் தொண்டை வரை வந்தன. கடைசியில் அவள் கேட்டது: "உம்மா எங்க இப்ப?" "வாடகை வீட்டில" என்றான். இறங்கும்போது காசு வாங்க மறுத்தான். பரீதா அதை இருக்கையில் எறிந்துவிட்டு நடந்தாள்.

சட்டத்தரணி கமலேஸ்வரி துருக்கி ஒப்பந்தத்தை ஏற்கெனவே ஆள் பிடித்து மொழிபெயர்த்து வாசித்திருந்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"அக்கா, நீங்கள் வீடு வாங்கேல்லை. கட்டினா ஒரு வீடு தருவம் எண்ட சொல்லை வாங்கியிருக்கிறியள். அந்தச் சொல்லை அங்கத்தைய பதிவகத்தில பதியவும் இல்லை. அந்த நிலத்தை கம்பனி முதலே ஒரு வங்கிக்கு ஈடு வைச்சிட்டுது. இப்ப கம்பனி முறிஞ்சு போச்சு. வங்கி எடுத்த மிச்சம்தான் மற்ற ஆக்களுக்கு. மிச்சம் இருக்காது."

"நான் கட்டின காசு மிஸ்?"

"வங்கியால போன முதல் தவணைக்குச் சாட்சி இருக்கு. உண்டியலில போனதுக்கு என்ன இருக்கு? முறைப்பாடு குடுக்கப் போனா, முதல் கேள்வி உங்களைத்தான் கேப்பினம், இந்தக் காசு எந்த வழியால போனதெண்டு. உண்டியல் இங்க குற்றம்."

பரீதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொண்டு. ஒப்பந்தத்தின்படி மிச்சத் தவணையும் தண்டமும் இன்னும் உங்கட பேரிலதான் ஏறிக்கொண்டிருக்கு. கம்பனியை யாரும் வாங்கினா அதைக் கேட்டு வரலாம். ஆரும் உங்களிட்ட இருந்து அதைப் பேர் மாத்தி வாங்கினா, கடனும் சேர்ந்து அவைக்குப் போகும். ஆர் வாங்கப் போகினம்?"

"அப்ப, இரிக்கிற வீடு?"

இங்கேதான் கமலேஸ்வரி கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "ஹாஜியாருக்குக் குடுத்த வாடகைக்கு ரசீதுத் துண்டு வாங்கினியளோ?"

"இல்ல மிஸ். அவர் தரல்ல. நான் கேக்கவும் இல்ல."

"நல்லதாப் போச்சு. துண்டு இருந்திருந்தா நீங்கள் வாடகைக் குடி எண்டு முடிச்சிருப்பினம். உங்கட கதையில எழுத்து இல்லாதது நல்லதாப்போன ஒரே இடம் இதுதான்." அவர் சிரிக்கவில்லை. "உண்மையில் இது விற்பனை இல்லை, கடனுக்குப் பிணை, வீட்டை ஹாஜியார் உங்களுக்காக நம்பிக்கையில வைச்சிருந்தவர் எண்டு வழக்குப் போடலாம். பெறுமதியிலும் குறைஞ்ச விலைக்கு எழுதியிருக்கு. எழுதின பிறகும் நீங்கள்தான் இருக்கிறியள். இது இரண்டும் பிடி. ஆனா வருஷக்கணக்கில இழுக்கும். வெல்லுவம் எண்டு நான் சொல்லமாட்டன். ஒண்டு மட்டும் சொல்லுறன்: வீட்டை விட்டு வெளிக்கிடாதேங்கோ. ஒரு நாளைக்கும் பூட்டிப்போட்டுப் போகாதேங்கோ. உள்ளுக்க ஆள் இருக்கோணும்."

"நாளைக்கு உறுதி பாக்க வாறாங்க மிஸ்."

கமலேஸ்வரி பேனாவை மூடினார். "அதுக்கு என்னட்ட சட்டம் இல்லை அக்கா."

வெள்ளிக்கிழமை மூதூரிலிருந்து ஒரு வான் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளை ஹஸ்மி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வழக்கப்படி அவர் வரவில்லை. அவருடைய உம்மா உம்மு குல்சும், நல்ல உயரம், நல்ல குரல். பெரியப்பா சஜீத் மாஸ்டர், மூக்குக் கண்ணாடிக்காரர். மற்றவர்கள் கதிரைகளை நிரப்பினார்கள்.

பரீதா முந்தின இரவு எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காமலேயே உம்மாவின் பழைய உறுதியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். காணிப் பதிவுக் கந்தோருக்குப் போய்த் தேடினால் ஒழிய இந்தப் பொய் வெளியே வராது. கலியாணத்துக்கு முன் யார் தேடுவார்கள்? ஸெய்னுதீன் முற்றத்துக்குப் போய்ப் பீடி பற்றவைத்தார்.

சஜீத் மாஸ்டர் வாசித்தார். வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய வளவு. எல்லாம் சத்தமாக. ஒவ்வொரு எல்லைக்கும் பரீதா தலையாட்டினாள். "நல்ல சுத்தமான உறுதி" என்றார் கடைசியில்.

ஆனால் உம்மு குல்சும் வட்டிலப்பத்தைத் தொடவில்லை. கதிரையைப் பரீதாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"மதினி, ஒளிச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது. இந்த வீட்டை நீங்க சின்ன மகளுக்கே வெச்சிக்கங்க. எங்களுக்கு இதில ஆசையில்ல. துருக்கியில ஒரு வீடு இரிக்காம் எண்டு மூதூர் முழுக்கக் கதை. அதை மகன்ட பேருக்கு மாத்தித் தாங்க. போதும்."

அறையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. இளையவள் ஸஹ்ரா கதவுக்குப் பின்னால் கையை வாயில் வைத்துக்கொண்டு துள்ளினாள், வீடு அவளுக்கு! பரீதாவின் நெஞ்சுக்குள் ஏதோ படீரென்று திறந்தது. நேற்றுக் கமலேஸ்வரி கேட்ட கேள்விக்கு ஆள் தானாக வந்து கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. ஆர் வாங்கப் போகினம்? இதோ. ஒரு கையெழுத்து. ரிஸ்னாவுக்குக் கலியாணம், கடன் வேறு தலைக்கு. இந்த வீட்டை வழக்குப் பேசிக் காப்பாற்றிக்கொள்ளலாம். உறுதியை இனி யாரும் புரட்டப் போவதில்லை.

"அதில இரிந்து கடல் தெரியுமாமே?" என்றாள் உம்மு குல்சும்.

"முழுசாத் தெரியும் மதினி" என்றது பரீதாவின் வாய். "பல்கனியில நிண்டாப் போதும். இஞ்ச இரிக்கிறது பார்க்கிற கடல்தானே. அது வாடகை தாற கடல்."

வான்காரர்கள் சிரித்தார்கள். பரீதாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானது. குளிர்ந்த மண்டபத்தில், அஸ்ஹானின் கோட்டுக்கு மேலே பார்த்த சிரிப்பு.

கதவடியில் தேநீர்த் தட்டோடு ரிஸ்னா நின்றாள். அவள் சிரிக்கவில்லை. உம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாடகை கட்டாயம் வருமா மதினி?"

"மாசாமாசம்..."

உம்மு குல்சும் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்டுதான் எனக்குப் பயம் மதினி. அதில வட்டி கிட்டி ஒண்டும் இல்லையே?"

பரீதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். மடியில் கை கோத்து, நல்ல சேலை உடுத்து, ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கும் பொம்பிளை. வேறு எதையும் கேட்கத் தெரியாத பொம்பிளை. அவளுடைய காதுக்கு அடுத்து என்ன சொன்னால் இனிக்கும் என்பதும் பரீதாவுக்குத் தெரிந்திருந்தது. ஹலாலான வேலை. நாக்கு நுனியில் நின்றது.

"இல்ல மதினி" என்றாள். "வட்டி மட்டும்தான் இல்ல. மத்ததெல்லாம் இரிக்கு."

உம்மு குல்சும் விளங்காமல் சிரித்தாள். பரீதா நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க ஏலாது என்று தெரிந்தது. மூன்றாம் தளத்தில் நின்ற கட்டடம், வங்கியின் ஈடு, உண்டியல், ஏறிக்கொண்டிருக்கும் தண்டம். "அதை ஒங்கட மகன்ட பேருக்கு எழுதினா, சம்பளம் எடுக்கிற அவர்ர தலையில என்ட கடனைக் கட்டிவிடுறது மதினி அது." பிறகு சஜீத் மாஸ்டரின் மடியில் கிடந்த உறுதியைக் காட்டினாள். "அதுவும் பழசு மாஸ்டர். அதுக்குப் பொறகு அறுதி எழுதிட்டன். வீடு என்ட பேரில இல்ல."

கதவுக்குப் பின்னால் ஸஹ்ரா விம்மியது எல்லாருக்கும் கேட்டது.

சஜீத் மாஸ்டர் உறுதியை மடிப்புக் கலையாமல் மடித்து மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒருவரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். வானுக்கு நடந்தார்கள். உம்மு குல்சும் மட்டும் வாசல் படலையடியில் நின்றாள்.

"எதுக்குச் சொன்னீங்க?" கோபமா, நன்றியா என்று பிடிபடாத குரல். "நான் வாங்கியிரிப்பனே."

"அதான் மதினி" என்றாள் பரீதா.

வான் போயிற்று. அன்றிரவும் அடுத்த நாளும் மூதூரிலிருந்து பதில் வரவில்லை. முறிந்தது என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. ஹஸ்மி ஒரேயொரு தரம் ரிஸ்னாவுக்குத் தொலைபேசி எடுத்தாராம். என்ன கதைத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. ஸஹ்ரா இரண்டு நாள் உம்மாவோடு கதைக்கவே இல்லை. ஊர் கதைத்தது. துருக்கி பரீதா என்ற பெயர் திரும்பி வந்தது, இந்த முறை இனிப்பில்லாமல்.

தயிர் லொறியோடு பாலம் தாண்டிப் போவதை அவள் விட்டுவிட்டாள். லோயர் மிஸ் சொன்னபடி வீட்டுக்குள் ஆள் இருக்க வேண்டும். வழக்குக் காகிதங்களுக்குக் கையெழுத்து வைக்கப் போன காலையில் ஸெய்னுதீனை வாசலில் உட்கார்த்திவிட்டுப் போனாள். முதுகு வலியோடு அவர் பகல் முழுக்க அங்கேயே இருந்தார், பீடிகூட முற்றத்துக்குப் போகாமல் பற்றவைத்தார்.

சொன்னபடி அடுத்த கிழமை அர்ஷாக் வந்தான். கூடவே நில அளவையாளர், தோளில் முக்காலி, கையில் அளவு நாடா. பின்னால் காரில் வாங்க வந்த ஆள், இறங்காமல்.

பரீதா குசினியிலிருந்து வந்தாள். கை முழுக்கப் பால். திருப்பிக் கொடுக்காமல் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த வாடகைக் கதிரைகளில் ஒன்றை உருவி, படலையின் நடுவில் போட்டாள். உட்கார்ந்தாள்.

"மாமி, எழும்புங்க. எங்களுக்கும் சங்கடமா இரிக்கு."

"வழக்குப் போட்டிரிக்கு மகன். லோயரோட கதையுங்க."

"அது போகட்டும். இப்ப அளந்திட்டுப் போறம். அளக்கிறதில என்ன?"

ரிஸ்னா இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து உம்மாவுக்குப் பக்கத்தில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கதிரை இழுபடும் சத்தமும் ஒரு விம்மலும் கேட்டன. பரீதா திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விம்மல் யாருடையது என்று தெரியும். படலை நிறைந்துவிட்டது. நில அளவையாளர் முக்காலியை இறக்கி வைத்து, அர்ஷாக்கைப் பார்த்தார். காரிலிருந்த ஆள் கண்ணாடியை ஏற்றினார்.

"அளங்க" என்றாள் பரீதா. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாங்க இந்த வளவுக்குள்ளதான் இரிக்கிறம். எங்களையும் சேர்த்து அளங்க."